வல்லினம்

இரவு ஒன்றரைக்குச் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள்.
கிருனாவில் அதுதான் கடிகாரம்.
அலமாரிக் கோப்பைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும்,
தூங்குகிறவர்கள் புரண்டு படுப்பார்கள்.
ஹில்யா பெயர் வைத்துக்கொண்டிருப்பாள்.

அவள் நாவலில் நான்கு இனங்கள்.
ஆறு வருடமாக எழுதுகிறாள்.
ஆறுகள் திசை மாறிவிட்டன, அரசர்கள் செத்துவிட்டார்கள்,
பெயர்கள் மட்டும் அடம்பிடிக்கின்றன.

பாதாளத்தாருக்கு முதலில் முடிந்தது.
இரும்புத்தாதில் இருபது வருடம் கழித்த
அண்ணன் ரௌனோ சொன்னான்:
கூரை சரியும்போது கூப்பிட நேரமிருக்காது,
ஓரசை போதும்.
அதனால் தொப், குர், பக்.
ஒரு தும்மலுக்குள் மூன்று பேரை அழைத்துவிடலாம்.
பாசம் மிகுந்தால் இரட்டிப்பார்கள்: தொப்தொப்.
மனைவிமார் மட்டும், அதுவும் இருட்டில் மட்டும்.

மூடுபனியாருக்கு ஒரே விதி.
பெயரைச் சொல்லும்போது உதடு உதட்டைத் தொடக்கூடாது.
ஈயலா. ஓரியே.
கண்ணாடியை ஒட்டி நின்று சொல்லிப் பார்ப்பாள்,
கண்ணாடியில் ஆவி படிந்தால் பெயர் தேறிவிட்டது.
அரசிக்கு அயோரெலின் என்று சூட்டி
உருக்கமாக வாசித்துக் காட்டியபோது
ரௌனோ சிரித்துச் சிரித்து இருமினான்.
அது அவன் வயிற்றுப்புண் மாத்திரை.
அட்டையை எடுத்துக் காட்டினான்:
காலையில் ஒன்று, உணவுக்கு முன்.

மனிதர்களுக்கு மெனக்கெடவில்லை.
ஊரைப் பெயர்த்து மூன்று கிலோமீட்டர் கிழக்கே வைத்தபோது
இடித்த வீட்டுக் கதவுகளிலிருந்து கழற்றிய
பெயர்ப்பலகைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன.
ஔக்குஸ்தி, சிக்னே, லம்பெர்ட்.
திருகாணிகள்கூட அப்படியே.

எதிரிகளுக்குத்தான் மிகச் சுலபமாக வந்தது.
அப்போதே சந்தேகப்பட்டிருக்கலாம்.
மெய்யெழுத்துகளை மூட்டை கட்டி
மாடிப்படியில் உருட்டிவிட்டாள்.
த்ஸக்ரத். க்வெர்ஹா. ஹக்த்ஸ்.
தொண்டையில் பிறந்தவன் கொலைகாரன்,
உதட்டோரம் பிறந்தவன் உத்தமன்.
யாரும் சொல்லித் தரவில்லை, கை தானாக எழுதியது.

பகலில் அவள் பல் மருத்துவமனையில் பெயர் கூப்பிடுகிறவள்.
செவ்வாய்க்கிழமை, பதினொன்று பத்து.
பட்டியலைப் பார்த்தாள், கனைத்தாள்,
முதல் எழுத்திலேயே இடறி
மீதியை இருமலாக்கினாள்.
கன்னம் வீங்கிய ஒருத்தி எழுந்து வந்தாள்.
தெரிந்த முகம்தான், நகரப் பேருந்து ஓட்டுபவள்.
அந்த வீக்கத்தோடும் தடங்கலில்லாமல் சொன்னாள்:
த்ஸிகெரெதா.
பல்லுக்குப் பின்னால் ஒரு சின்னச் சொடுக்கு, அவ்வளவுதான்.
"ரோஜா என்று அர்த்தம். அஸ்மாராவில் அம்மா வைத்தது.
ஊசி போடுவீர்களா, அப்படியே பிடுங்குவீர்களா?"

அன்றிரவு எதிரிப் படையை எழுப்பி நிற்க வைத்தாள்.
நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்,
இவர்களில் ஒருவனுக்காவது தாய் இருந்ததாக
ஒரு வரி இல்லை.

இதைத் தமிழில் சொல்கிற எனக்கு
இங்கே வாய் சும்மா இருக்கவில்லை.
எங்கள் எழுத்துகளுக்கும் இனம் பிரித்திருக்கிறார்கள்:
வல்லினம், மெல்லினம், இடையினம்.
ஹில்யா, க ச ட த ப ற
எந்த ஊரை எரித்தன?
தொட்டிலில் இருக்கிறது வல்லினம்.
முத்தத்தில் இருக்கிறது.
வாளும் வேலும் முழுக்க இடையினம்.
உயிரெடுக்க வருகிற நமனைச் சொல்லிப் பார்,
மூன்றும் மெல்லினம்,
தாலாட்டுப் போல வருவான்.

அவளுக்கு இது கேட்டிருக்காது.
ஆனாலும் த்ஸக்ரத்தை அடித்துவிட்டு
அந்த இடத்தில் அயோரெலின் என்று எழுதினாள்.
மாத்திரையின் பெயரோடு ஒருவன்
வைக்கோல் கூரைக்குத் தீப்பந்தம் நீட்டினான்.
முன்னைவிடப் பயமாக இருந்தது.
க்வெர்ஹாவை அடிக்கவில்லை.
அவனுக்கு ஒரு வாசலும்,
சாப்பிட வாடா என்று அங்கிருந்து கூப்பிடும் குரலும்
வைத்துப் பார்த்தாள்.
அடுத்த அத்தியாயத்தில் அவன் சாக வேண்டியவன்.
அங்கேயே பேனா நின்றது.
வெடி. கோப்பைகள்.

காலையில் பேருந்தில் வீக்கம் வடிந்த முகம்.
பெயர் சொல்லி வணக்கம் வைக்க நினைத்தாள்.
மூன்று நிறுத்தமாக வாய்க்குள் பழகியிருந்தாள்.
இறங்கும்போது கையை மட்டும் ஆட்டினாள்.